ஒரு சோறு பதமாகுமா?

(மறைப்பு நிரல்களைக் கட்டளை வரியில் சோதிக்கும் முறை)

இரண்டாம் ஆண்டு எம்.எஸ்ஸி. மாணவன்

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்பது நம் நாட்டு முதுமொழி. உலையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நெருப்பில், ஒரே நீரில் வேகின்றது. ஆகவே ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்தால் பானையின் நிலை விளங்கிவிடும். அடுக்களையில் இது பொய்யாத விதி. ஆனால் கணினித் துறையில் இந்த விதி செல்லாத பகுதி ஒன்று உண்டு. அதுவே மறைக்குறியியல். அங்கே ஒரு சோறு நன்றாக வெந்திருக்கும். அதன் பக்கத்துச் சோறு அரிசியாகவே கிடக்கும்.

நம் சங்கத்து இளைய நண்பர்கள் பலர் இங்கே கணினி அறிவியல் பயில்கின்றனர். மறைப்பு வழிமுறை ஒன்றைத் தாமே நிரலாக எழுதிக் காட்டும் பயிற்சி அவர்களுக்குப் பருவந்தோறும் வருகிறது. நூலில் கண்ட ஓர் எடுத்துக்காட்டுக்கு விடை ஒத்துவிட்டால் வேலை முடிந்தது என்று அவர்கள் மகிழ்கின்றனர். “அண்ணா, விடைதான் வந்துவிட்டதே! இன்னும் எதைச் சோதிப்பது?” என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு. நல்ல கேள்வி. அதற்கு விடை கூறுவதே இக் கட்டுரையின் நோக்கம்.

1. வழிமுறை வேறு, நிரல் வேறு

முதலில் ஒரு வேற்றுமையை மனத்திற் கொள்ள வேண்டும். ஏ.இ.எஸ். என்னும் மறைப்பு வழிமுறையை எடுத்துக் கொள்வோம். இதனை வகுத்தவர்கள் பெல்ஜிய நாட்டு அறிஞர்களான யோவான் டாமன், வின்சென்ட் ரைமன் என்னும் இருவர். அமெரிக்காவின் தர நிறுவனமான என்.ஐ.எஸ்.டி. 1997இல் தொடங்கிய போட்டியில் 15 வழிமுறைகள் களம் புகுந்தன. மூன்றாண்டு ஆராய்ச்சிக்குப் பின் 2000இல் இவ்விருவரின் வழிமுறை தேர்வு பெற்றது. 2001 நவம்பரில் தரமாக வெளியாயிற்று. உலகத்துக் கணித வல்லுநர்கள் பலர் இதனை உரைகல்லில் உரைத்துப் பார்த்துவிட்டனர்.

ஆனால் அவர்கள் உரைத்துப் பார்த்தது வழிமுறையைத்தான். நேற்றிரவு நீங்கள் உங்கள் அறையில் அமர்ந்து எழுதிய நிரலை யார் உரைத்துப் பார்த்தார்கள்? பொன் நல்ல பொன்னாக இருக்கலாம். நகை செய்த கை தவறலாம் அல்லவா?

மற்ற நிரல்களில் பிழை இருந்தால் அது தானே வெளிப்படும். சம்பளக் கணக்கு தவறினால் சம்பளம் வாங்குபவர் சும்மா இருக்க மாட்டார். படம் தலைகீழாக வந்தால் கண்ணே காட்டிவிடும். மறைப்பு நிரலோ அப்படியன்று. சரியாக மறைத்த செய்தியும் பொருளற்ற குப்பையாகவே தோன்றும். தவறாக மறைத்த செய்தியும் அப்படியே தோன்றும். மேலும், உங்கள் நிரலே மறைத்து உங்கள் நிரலே அவிழ்த்தால், மறைப்பதிலுள்ள பிழையும் அவிழ்ப்பதிலுள்ள பிழையும் ஒன்றையொன்று விழுங்கிவிடக் கூடும்; பழைய செய்தி பழையபடியே திரும்பி வரும். ஆகவே ‘மறைத்தேன், அவிழ்த்தேன், சரியாக வந்தது’ என்பது சான்றாகாது.

2. கட்டளை வரி

இந்தச் சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை. நம் ஆய்வுக்கூடத்து லினக்ஸ் கணினிகளில் உள்ள கறுப்புத் திரையே போதும். அதில் ஒரு வரியில் கட்டளையைத் தட்டினால் அடுத்த வரியில் விடை வரும். இதனையே கட்டளை வரி என்கிறோம்.

இங்கே நமக்குப் பயன்படும் தலையாய கருவி ஓப்பன் எஸ்.எஸ்.எல். 1998 முதல் வெளிவந்து கொண்டிருக்கும் இக் கருவியை எவரும் விலையின்றிப் பெறலாம். ஹாஷ் கணக்கிடுதல், மறைத்தல், சாவி உண்டாக்குதல், கையொப்பமிடுதல், கையொப்பத்தைச் சரிபார்த்தல் ஆகிய அனைத்தையும் ஒற்றை வரிக் கட்டளைகளால் இது செய்து தரும். கட்டளை வரியின் சிறப்பு யாதெனில், ஒரு முறை எழுதிய வரியை ஆயிரம் முறை ஓடச் செய்யலாம். இன்று செய்த சோதனையை நாளை ஓர் எழுத்தும் மாறாமல் மீண்டும் செய்யலாம். ஆய்வுக்கூடத்தில் அமிலமும் காரமும் அளப்பவர்க்கு இதன் அருமை தெரியும்.

3. முதற் சோதனை: தெரிந்த விடை

பள்ளிக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடைகள் இருக்குமே, நினைவிருக்கிறதா? மறைக்குறியியலிலும் அத்தகைய விடைப் பக்கங்கள் உண்டு. தர நிறுவனங்கள் ஒவ்வொரு வழிமுறைக்கும் ‘இதைக் கொடுத்தால் இது வர வேண்டும்’ என்று விடைகளை வெளியிட்டுள்ளன.

எஸ்.எச்.ஏ.-256 என்னும் ஹாஷ் முறையைக் காண்போம். எவ்வளவு நீண்ட செய்தியைக் கொடுத்தாலும் இது 256 பிட் கொண்ட ஒரு சாற்றைப் பிழிந்து தரும். அதனை 64 பதினறும எண்களாக எழுதுவர். பதினறும எண் என்பது 0 முதல் 9 வரையும், அதற்குமேல் 10 முதல் 15 வரை குறிக்க ஆங்கில எழுத்து ஏ முதல் எஃப் வரையும் கொண்டது. ஏ, பி, சி என்னும் மூன்று சிறிய ஆங்கில எழுத்துகளைக் கொடுத்தால், விடை ‘பிஏ 78 16 பிஎஃப்’ என்று தொடங்கி ‘எஃப்2 00 15 ஏடி’ என்று முடிய வேண்டும்.

இதைக் கட்டளை வரியில் செய்து பார்க்கும் புதியவர்கள் ஒரு குழியில் விழுவதுண்டு. ‘எக்கோ’ என்னும் கட்டளையால் அந்த மூன்று எழுத்துகளை அனுப்பினால் விடை ‘இடி இஏ ஏஎஃப் எஃப்3’ என்று தொடங்கும். கருவி கெட்டுவிட்டதோ? இல்லை. ‘எக்கோ’ தான் அச்சிடும் வரியின் முடிவில், கண்ணுக்குத் தெரியாத புதுவரிக் குறி ஒன்றைச் சேர்த்தே அனுப்புகிறது. ஆகவே ஹாஷ் கண்டது மூன்று எழுத்துகளை அன்று, நான்கினை. ‘பிரிண்ட்எஃப்’ என்னும் கட்டளையைப் பயன்படுத்தினால் இத் தொல்லை இல்லை. ஒரு பைட் மிகுந்தால் விடை முழுவதும் மாறிவிடுகிறது என்பதற்கு இதுவே கண்கூடான சான்று.

ஏ.இ.எஸ். முறைக்கும் விடை உண்டு. சாவி 00, 01, 02 எனத் தொடங்கி 0எஃப் வரையுள்ள 16 பைட்கள். செய்தி 00, 11, 22 எனத் தொடங்கி எஃப்எஃப் வரையுள்ள 16 பைட்கள். மறைந்து வரும் விடை:

69 சி4 இ0 டி8 6ஏ 7பி 04 30 டி8 சிடி பி7 80 70 பி4 சி5 5ஏ

ஓப்பன் எஸ்.எஸ்.எல். கருவியில் இதனைச் சரிபார்க்கும்போது இரண்டு எச்சரிக்கைகள். சாவியைக் குறிக்கும் ‘கே’ பெரிய எழுத்தாக இருத்தல் வேண்டும். சிறிய ‘கே’ என்றால் கருவி அதனைக் கடவுச்சொல்லாகக் கொண்டு வேறொரு சாவியைத் தானே உண்டாக்கிக் கொள்ளும். மேலும், ‘நோபேட்’ என்னும் குறியைச் சேர்க்க வேண்டும். இல்லையேல் 16 பைட் நிரப்பியைக் கூட்டி 32 பைட் விடை வரும். இச் சோதனைக்கு இ.சி.பி. என்னும் முறையைப் பயன்படுத்துகிறோம். அது ஒரு கட்டத்தைச் சோதிக்க மட்டுமே ஏற்றது. ஒரே செய்திக் கட்டம் மீண்டும் வந்தால் மறைந்த விடையும் மீண்டும் வந்து காட்டிக் கொடுத்துவிடும் ஆதலால், உண்மைச் செய்திகளுக்கு அதனைக் கையாளலாகாது.

4. இரண்டாம் சோதனை: எல்லைகள்

மேற்கண்ட விடைகள் ஒத்துவிட்டன என்று கொள்வோம். நிரல் சரியானதா? இன்னும் சொல்ல முடியாது.

எஸ்.எச்.ஏ.-256 செய்தியை 64 பைட் கொண்ட கட்டங்களாக வெட்டிக் கொள்கிறது. செய்தியின் முடிவில் ஒரு பைட் முற்றுக்குறியும், செய்தியின் நீளத்தைச் சொல்லும் 8 பைட்களும் சேர வேண்டும். 55 பைட் செய்தியாயின் 55, 1, 8 ஆகியவை கூடி 64. ஒரே கட்டத்தில் இம்மியும் இடமில்லாமல் அடங்கிவிடும். 56 பைட் செய்தியாயின் அடங்காது. இரண்டாவது கட்டம் தேவைப்படும். இந்த இடத்தில்தான் நிரல் எழுதுவோர் வழுக்கி விழுகின்றனர். மூன்றெழுத்துச் செய்தியில் இப் பிழை தலைகாட்டவே காட்டாது. அதனாலேதான் தர நிறுவனத்தார் தம் இரண்டாவது எடுத்துக்காட்டைச் சரியாக 56 எழுத்து நீளமுள்ளதாக அமைத்தனர். அதன் விடை ‘24 8டி 6ஏ 61’ என்று தொடங்கும்.

ஆகவே செய்ய வேண்டுவது யாது? 0 முதல் 200 வரை ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கோப்பை, மனம்போன பைட்களால் நிரப்பி உண்டாக்குங்கள். ஒவ்வொன்றையும் உங்கள் நிரலுக்கும் ஓப்பன் எஸ்.எஸ்.எல். கருவிக்கும் கொடுத்து, இரண்டு விடைகளையும் ஒப்பிடுங்கள். மொத்தம் 201 சோதனைகள். கட்டளை வரியில் நான்கு வரிகளில் எழுதிவிடலாம். ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் முடிந்துவிடும். 55, 56, 63, 64, 65, 119, 120 ஆகிய நீளங்களில் கண் வையுங்கள்.

பெரிய எல்லையும் ஒன்று உண்டு. செய்தியின் நீளத்தைப் பிட் கணக்கில் 32 பிட் எண்ணாக வைத்துக்கொள்ளும் நிரல், 53,68,70,912 பைட் நீளத்தில் கணக்குத் தப்பிவிடும். அந்த அளவுக்குச் சுழிகளைக் குழாய் வழியே அனுப்பியும் ஒப்பிட வேண்டும்.

‘இவ்வளவு பெரிய கோப்பை யார் கொடுக்கப் போகிறார்கள்?’ என்று எண்ணாதீர்கள். எஸ்.எச்.ஏ.-3 என்னும் புதிய ஹாஷ் முறைக்கு, அதை வகுத்தவர்களே எழுதி 2011இல் வெளியிட்ட நிரலில், ஏறக்குறைய 4 கிகாபைட் அளவில் மட்டும் தோன்றும் ஒரு பிழை பதுங்கியிருந்தது. அதனை நிக்கி மௌஹா என்னும் ஆய்வாளர் வெளிப்படுத்தியது 2022இல்! பதினொரு ஆண்டுகள் அது எத்தனையோ சோதனைகளுக்குத் தப்பி வாழ்ந்தது. பைத்தான், பி.எச்.பி. ஆகிய மொழிகளின் சில பதிப்புகளிலும் அதே நிரல் குடியிருந்தது.

இதில் மற்றொரு பாடமும் உண்டு. அந்த இரண்டு மொழிகளின் விடைகளையும் ஒப்பிட்டவர்க்கு என்ன பயன் கிட்டியிருக்கும்? ஒரே தாளைப் பார்த்து எழுதிய இருவர் விடையும் ஒத்திருப்பதில் வியப்பென்ன? ஒப்பிடும் இரண்டு நிரல்களும் வெவ்வேறு கைகளால் தனித்தனியே எழுதப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

5. தமிழுக்கு ஒரு சோதனை

நிரல் நூல்களில் உள்ள எடுத்துக்காட்டுகள் யாவும் ஆங்கில எழுத்துகளால் ஆனவை. நாம் தமிழைக் கொடுத்துப் பார்ப்போம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து? மூன்று என்று முதல் வகுப்புக் குழந்தையும் சொல்லும். யூனிகோடு முறையோ அதனை ஐந்து குறிகளாகக் கொள்கிறது: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூ.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் ஆதலால் மொத்தம் 15 பைட்கள். ‘எழுத்தெண்ணிக்கையே பைட் எண்ணிக்கை’ என்று கருதி எழுதிய நிரல், தமிழ்ச் செய்தியின் வாலை வெட்டிவிட்டு ஹாஷ் கணக்கிடும்; அதை எழுதியவருக்குத் தெரியவே தெரியாது.

இதைவிட நுட்பமானது ‘கொ’ என்னும் எழுத்து. ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் அதனை எழுதலாம். அப்போது 6 பைட். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகச் சேர்த்தும் எழுதலாம். அப்போது 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. ஹாஷ் இரண்டும் வெவ்வேறு. கடவுச்சொல்லில் இவ்வெழுத்து இருந்து, வீட்டுக் கணினியில் ஒரு வகையாகவும் கைப்பேசியில் மற்றொரு வகையாகவும் பதிந்தால், உரியவருக்கே கதவு திறவாது. கையொப்பமிட்ட தமிழ் ஆவணத்தை வேறொரு செயலி இந்த வடிவிலிருந்து அந்த வடிவுக்கு மாற்றிச் சேமித்தால், ஒரு சொல்லும் மாறாத ஆவணம் ‘போலி’ எனப்படும். கடவுச்சொல்லாயின் ஹாஷ் கணக்கிடுமுன் அதனை யூனிகோடு வகுத்த என்.எஃப்.சி. என்னும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும். ஆவணமாயின் கையொப்பமிட்ட பின் ஒரு பைட்டையும் தொடலாகாது. இவ்விரு ‘கொ’வையும் உங்கள் சோதனைக் கோப்பில் சேர்த்து வையுங்கள். பிற மொழியார் எழுதிய சோதனையில் இதனை எதிர்பார்க்க முடியாது. நாம்தான் எழுத வேண்டும்.

6. மூன்றாம் சோதனை: மறுக்கிறதா?

இனி, இக் கட்டுரையின் உயிர்நிலைக்கு வருகிறோம். ஒரு பூட்டு வாங்கச் செல்கிறீர்கள். கடைக்காரர் சாவியைப் போட்டுத் திறந்து காட்டுகிறார். அதனால் அது நல்ல பூட்டு ஆகிவிடுமா? அடுத்த பூட்டின் சாவிக்கும் அது திறந்துகொண்டால்? உரிய சாவிக்குத் திறப்பது பாதி வேலை; பிற சாவிக்குத் திறவாதிருப்பதே பூட்டின் வேலை. மின்கையொப்பமும் அத்தகையதே. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்குச் சட்டத்தின் ஏற்பை அளித்திருக்கிறது. எனவே போலிக் கையொப்பத்தை ஏற்கும் நிரல், போலிப் பத்திரத்தை ஏற்கும் பதிவாளருக்கு நிகர்.

கட்டளை வரியில் ஒரு சாவியை உண்டாக்கி, ஒரு கோப்பில் கையொப்பமிடுங்கள். சரிபார்த்தால் ஓப்பன் எஸ்.எஸ்.எல். ‘வெரிஃபைடு ஓகே’ என்று அச்சிடும். பிறகு கீழ்க்கண்டவற்றை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்:

கோப்பில் ஒரு பிட்டை மாற்றுங்கள். கையொப்பத்தில் ஒரு பிட்டை மாற்றுங்கள். கையொப்பத்தின் கடைசிப் பைட்டை வெட்டுங்கள். வேறொருவர் சாவியைக் கொடுங்கள். வெற்றுக் கையொப்பத்தைக் கொடுங்கள். முழுதும் சுழியான கையொப்பத்தைக் கொடுங்கள்.

ஆறு முறையும் ‘இல்லை’ என்ற விடையே வர வேண்டும். உங்கள் நிரலையும் இவ்வாறே சோதியுங்கள். ஒரு முறை ‘ஆம்’ என்றாலும் அந் நிரல் பயனற்றது.

இது வீண் அச்சமன்று. மூன்று வரலாறுகளைக் கேளுங்கள்.

2009 சனவரியில் ஓப்பன் எஸ்.எஸ்.எல். கருவியிலேயே ஒரு குறை வெளியாயிற்று. அதில் கையொப்பம் பார்க்கும் பகுதி மூன்று வகை விடை தரும்: சரியெனில் 1, தவறெனில் 0, சரிபார்க்கவே இயலாதபடி சிதைந்திருந்தால் –1. அதனை அழைத்த சில இடங்களில் ‘விடை சுழியா?’ என்று மட்டும் பார்த்தனர். –1 சுழி அன்று. ஆகவே சிதைந்த கையொப்பம் நல்ல கையொப்பமாகத் தேறிவிட்டது.

2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனத்தின் நிரலில் ‘கோட்டு ஃபெயில்’ என்னும் வரி தவறுதலாக இருமுறை அமைந்திருந்தது தெரிய வந்தது. அந்த இரண்டாவது வரியால், கையொப்பத்தைச் சரிபார்க்கும் பகுதிக்கு நிரல் செல்லாமலே ‘சரி’ என்று திரும்பிவிட்டது.

2022 ஏப்ரலில் வெளியானது ஜாவா மொழியின் குறை. இ.சி.டி.எஸ்.ஏ. என்னும் கையொப்பம் இரண்டு எண்களால் ஆனது. அவை இரண்டும் ஒன்றுக்குக் குறையலாகாது என்பது விதி. ஜாவா 15ஆம் பதிப்பில் நிரலைப் புதிதாக எழுதியபோது இந்த விதியைப் பார்க்கும் வரி விடுபட்டுப் போயிற்று. இரண்டு எண்களும் சுழியாயின் சரிபார்க்கும் சமன்பாட்டின் இருபுறமும் சுழியாகிவிடுகிறது. சுழியும் சுழியும் சமமன்றோ? எனவே எந்தச் செய்திக்கும், எவர் பெயரிலும், வெறும் சுழிகளைக் கையொப்பமாக இட்டாலும் ஜாவா அதனை ஏற்றது! நீல் மேடன் என்பவர் இதனைக் கண்டுபிடித்தார்.

இம்மூன்றிலும் நல்ல கையொப்பம் நல்லதென்றே ஏற்கப்பட்டது. தெரிந்த விடைச் சோதனையை மட்டும் நடத்தியிருந்தால் மூன்றும் நூற்றுக்கு நூறு வாங்கித் தேறியிருக்கும்.

இத்தகைய சூழ்ச்சிச் சோதனைகளைத் தொகுத்து 2016 டிசம்பரில் கூகுள் நிறுவனத்து ஆய்வாளர்கள் ‘வைச்புரூஃப்’ என்னும் தொகுப்பை வெளியிட்டனர். அப்போதே எண்பதுக்கு மேற்பட்ட சோதனைகள் அதில் இருந்தன. நாற்பதுக்கு மேற்பட்ட குறைகளை அவை வெளிப்படுத்தியிருந்தன. ஆஸ்திரேலியாவிலுள்ள மிகச் சிறிய மலை ஒன்றின் பெயர் அது. ஏறி முடிக்கக் கூடிய குறிக்கோளாக இருக்கட்டும் என்று அப் பெயரை இட்டனராம். ஒவ்வொரு சோதனையிலும் ‘ஏற்கத் தக்கது’, ‘மறுக்கத் தக்கது’ என்று குறித்திருப்பார்கள். அதனைப் படித்து உங்கள் நிரலுக்கு ஊட்டும் சிறு கட்டளையை ஒரு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம்.

சோதனையை எழுதும்போது ஒன்றை மறவாதீர்கள். கட்டளை வரியில் ஒரு நிரல் வெற்றியுற்றால் திருப்பித் தரும் எண் 0. தோல்வியுற்றால் வேறு எண். நிரலுக்கு உள்ளே உள்ள வழக்கமோ பல இடங்களில் இதற்கு நேர்மாறு. இரண்டையும் குழப்பிக் கொண்டால் சோதனையே பொய் சொல்லும். ஆகையால் ஒவ்வொரு சோதனையையும், வேண்டுமென்றே கெடுத்த நிரல் ஒன்றின்மேல் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். அது ‘தவறு’ என்று கூவினால்தான் சோதனை உயிரோடு இருக்கிறது.

7. எட்டாத இடம்

இம்மூன்று சோதனைகளாலும் எட்ட முடியாத ஓர் இடம் உண்டு. சாவி எங்கிருந்து பிறக்கிறது? அது எவராலும் ஊகிக்க முடியாத எண்ணாக இருக்க வேண்டும். 2006இல் டெபியன் லினக்ஸ் தொகுப்பில், ஒரு சோதனைக் கருவி தந்த எச்சரிக்கையை நீக்குவதற்காக, ஓப்பன் எஸ்.எஸ்.எல். நிரலில் ஒரு திருத்தம் செய்தனர். அதனால் சாவிக்கு வேண்டிய ஊகிக்க முடியாமை அனைத்தும் வடிந்து, 32,768க்கு மேற்படாத ஓர் எண் மட்டும் எஞ்சியது. 2008 மே மாதத்தில் லூசியானோ பெல்லோ கண்டறியும் வரை, அவ்வளவே வகையான சாவிகள் எண்ணற்ற கணினிகளில் உண்டாயின. ஒவ்வொரு சாவியும் தனித்தனியே பார்த்தால் குற்றமற்றது. மறைப்பும் சரி, கையொப்பமும் சரி!

இதற்குத் தனிச் சாவியைப் பார்த்துப் பயனில்லை. கூட்டத்தைப் பார்க்க வேண்டும். பல கணினிகளில் உண்டான சாவிகளைத் திரட்டி, ‘சார்ட்’, ‘யூனிக்’ என்னும் இரு கட்டளைகளால் இரட்டைகளைத் தேடலாம். 32,768 வகைகளே இருப்பின், ஏறத்தாழ 213 சாவிகளைத் திரட்டிய அளவில் இரண்டு ஒன்றாக இருப்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு என்று நிகழ்தகவுக் கணக்கு கூறுகிறது. ஆனால் இரட்டை அகப்படவில்லை என்பதால் சாவிகள் நல்லவை என்று சொல்லிவிட முடியாது. இங்கே சோதனையோடு நில்லாமல், எண் பிறக்கும் இடத்தை நிரலில் கண்ணால் படித்தே தீர வேண்டும்.

8. இளைய நண்பர்களுக்கு

நம் சங்கத்திலிருந்து ஆண்டுதோறும் பலர் பெங்களூருக்கும் புனேக்கும் வேலைக்குச் செல்கின்றனர். நாளை அவர்கள் எழுதும் நிரலின்மேல் எவருடைய சேமிப்போ, எவருடைய மருத்துவக் குறிப்போ அமர்ந்திருக்கும். ஊரிலே நம் பெற்றோர் கைப்பேசியில் பணம் அனுப்பும்போது, அதன் உள்ளே நடக்கும் மறைப்பை அவர்கள் சோதிக்க முடியாது. யாரோ ஒருவர் சோதித்திருப்பார் என்று நம்பியே விரலை வைக்கின்றனர். அந்த ‘யாரோ ஒருவர்’ நாமாக இருக்கக் கூடும்.

ஆகவே, முடிந்த வரை மறைப்பு நிரலைப் புதிதாக எழுதாமல், பலர் கண்பட்டுத் தேறிய நிரலையே பயன்படுத்துங்கள். பயிற்சிக்காகவோ தேவைக்காகவோ எழுத நேர்ந்தால், தெரிந்த விடைகளை முதலில் ஒப்பிடுங்கள். பின்பு எல்லை நீளங்களை வேறொருவர் கருவியோடு ஒப்பிடுங்கள். அதன்பின் மறுக்க வேண்டியவற்றை மறுக்கிறதா என்று பாருங்கள். இறுதியாகச் சாவி பிறக்கும் இடத்தைப் படியுங்கள். சோதனைக் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதி, நிரலோடு சேர்த்தே வையுங்கள். நிரலில் ஒரு வரி மாறினாலும் அக் கோப்பு முழுவதையும் மீண்டும் ஓட்டுங்கள். மேலே கண்ட டெபியன் கதை ஒரு சிறு திருத்தத்தால் விளைந்தது என்பதை மறவாதீர்கள்.

இவற்றைச் செய்து பார்க்க விரும்பும் நண்பர்கள் தங்கள் நிரலோடு வரலாம். சேர்ந்து அமர்ந்து பார்ப்போம். வரும்போது சரியான விடை தரும் எடுத்துக்காட்டு ஒன்றும், மறுக்கப்பட வேண்டிய எடுத்துக்காட்டுகள் பத்தும் கொண்டு வாருங்கள்.